மண்ணெண்ணெயில் மிதந்து வரும் வண்டு

பனியுகத்து ஏரிச் சேற்றிலிருந்து வண்டுகளைப் பிரித்தெடுக்க இன்றைக்கும் கையாளப்படுவது மண்ணெண்ணெய்தான். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்து ரஸ்ஸல் கூப்பின் கையில் பக்குவப்பட்ட முறை இது. இதைவிடச் சிக்கனமான நேர்த்தியை ஆய்வகங்களில் காண்பது அரிது என்பேன்.

சேற்றை ஊறவைத்துக் கரைக்கிறார்கள். களி இளகாவிட்டால் கொஞ்சம் சலவைச் சோடா. 300 மைக்ரான் சல்லடையில் அலசினால் வண்டல் போய்விடும். மட்கிய இலை, வேர், விதை, இவற்றுக்கிடையே வண்டுகளின் உடைசல்கள் தங்கும். நீரை ஒட்ட வடித்த பிறகு அந்தச் சக்கையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பிசைய வேண்டும். வண்டின் மேல்தோல் மெழுகுப் பாங்கானது. எண்ணெய் அதைப் பற்றிக்கொள்ளும். நீரில் ஊறிய தழையில் அவ்வளவாக ஒட்டாது. மிச்ச எண்ணெயை வடித்துவிட்டுக் குளிர்ந்த நீரைப் பாய்ச்சினால், தழையில் பெரும்பங்கு அடியில் படிய, வண்டுத் துண்டுகள் மேலே எழும்பி எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில் நிற்கும்.

கலை இனிமேல்தான். கால்மணி நேரமாவது பாத்திரத்தைத் தொடக்கூடாது. பிறகு, அரிசி களையும் கை கழுநீரை மட்டும் சாய்ப்பதுபோல, மேலே நிற்பதை மட்டும் சல்லடையில் சாய்க்க வேண்டும். கை கொஞ்சம் அவசரப்பட்டாலும் அடிச்சக்கை கூடவே வந்துவிடும்.

சோப்பு நீரிலும் ஆல்கஹாலிலும் கழுவி நுண்ணோக்கியில் வைத்தால் தலை, மார்புக் கவசம், முன்னிறகு எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். நாணல் வண்டின் முன்னிறகில் வரிசை பிசகாத புள்ளிக் குழிகள். மேலே பச்சையும் செம்பும் கலந்த மினுக்கு. அது சாயமல்ல. மேல்தோலின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வரும் நிறம்; அதனால்தான் இத்தனை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்கிறது.

அதே சேற்றில் கிடக்கும், கைரோனமிட் என்னும் கடிக்காத கொசுவினத்தின் புழுத்தலைகளுக்கு இந்த மண்ணெண்ணெய் வழி கிடையாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இளஞ்சூடாக்கி, இன்னும் நுண்ணிய சல்லடையில் அலசி, ஒவ்வொரு தலையாக இடுக்கியால் பொறுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு ஐம்பதாவது தேறினால்தான் கணக்கில் சேரும். அந்தப் பொறுமைக்கு ஒரு வணக்கம். என் மனம் மண்ணெண்ணெய்ப் பக்கம்தான்.

காரணம், அதில் மேலே வருவது எதுவென்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் பனியுகப் படிவுகளில் கிடைத்த ஒரு சாணி வண்டை, இன்று திபெத்திய மேட்டுநிலத்தில் வாழும் அஃபோடியஸ் ஹோல்டெரெரி என்று 1973-ல் கூப் அறிவித்தார். பிரிட்டனின் வண்டுகளோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் அந்தத் துண்டு பெயரில்லாமலே கிடந்திருக்கும்.