கையொப்பம் வைக்கும் பாஸும் கற்றுக்கொடுக்கும் பாஸும்

பாடசாலையும் தொழில்தருநரும் கைகோக்க வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் யாருமில்லை. அதனாலேயே அந்த யோசனையை உரசிப் பார்ப்பவரும் இல்லை. கிழக்குக் கரையோர ஊரான நிந்தவூரில் வைத்து உரசினால் முதலில் எழுவது இந்தக் கேள்விதான்: இங்கே தொழில்தருநர் யார்? வயல், கடல், அரிசி ஆலை, கராஜ், ஓடாவியின் பட்டறை, தையல் கடை. இவற்றுக்கு மேலே அரசாங்க உத்தியோகம். அதற்கும் அப்பால் கட்டாரும் சவூதியும். பயிற்சிக்கென்று தனியாக ஒரு முகாமையாளரை வைத்திருக்கும் கம்பனியை மனதில் கொண்டு கொழும்பில் தீட்டிய திட்டம், மூன்று பேர் வேலை செய்யும் கராஜுக்கு வரும்போது யாரோடு பேசுவதென்று தெரியாமல் நிற்கிறது.

இலங்கைக்கு இது முதல் முயற்சியுமல்ல. 1971 ஜே.வி.பி. கிளர்ச்சிக்குப் பின், படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களை எண்ணி, 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. பாடசாலை தன் சுற்றாடலில் உள்ள தொழிலைப் படிப்பிக்க வேண்டும்: கரையோரத்தில் மீன்பிடி, தறி உள்ள ஊரில் நெசவு. 1977 ஆட்சி மாற்றத்தோடு அது கைவிடப்பட்டது. பழியை அரசியல்வாதிகள் மீது போட்டுவிடுவது இலகு. ஆனால் கோளாறு ஏற்பாட்டிலேயே இருந்தது. வலை இழுத்தறியாத ஆசிரியர் மீன்பிடி படிப்பித்தார். வலை இழுத்தவருக்கு வகுப்பில் இடமும் இல்லை, கூலியும் இல்லை. அவரோ தன் மகன் கடலுக்குப் போகக் கூடாது என்றுதான் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வி இதைவிடத் தெளிவானது. சாதாரண தரத்தில் சித்தியடைந்தாலும் தவறினாலும் பிள்ளை 26 தொழிற்பாடங்களிலிருந்து தெரிவு செய்யலாம். பயிற்சி நிலையத்துக்கும் வேலைத்தலத்துக்கும் போய், தேசிய தொழிற்தகைமையின் (என்.வி.கியூ.) நான்காம் மட்டச் சான்றிதழோடு வெளியேறலாம். ஆசிரியரே எல்லாத் தொழிலும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற 1972இன் மயக்கம் இதில் இல்லை. அந்த மட்டில் இது பெரிய முன்னேற்றம்.

ஓட்டை எங்கே என்று அறிய வேலைத்தலப் பயிற்சியின் நாளாந்தப் பதிவேட்டைப் புரட்டினால் போதும். அப்படியான கொப்பிகளைப் பார்த்திருக்கிறேன். ‘பிரேக் பழுதுபார்த்தல்’, ‘எண்ணெய் மாற்றுதல்’ என்று பக்கம் பக்கமாக ஒரே மையில் எழுத்து. ஒரே இருப்பில் வைத்த கையொப்பங்கள். உண்மையில் பொடியன் ஸ்பனர் எடுத்துக் கொடுத்தான், தேத்தண்ணி வாங்கி வந்தான். கராஜ் நடத்தும் பாஸைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிழையாக இறுக்கிய ஓர் ஆணிக்கு அவர்தான் வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்க வேண்டும்; கற்றுக்கொடுத்ததற்கு அவருக்கு ஒரு சதமும் இல்லை. நாளைக்கு அதே பொடியன் எதிர்த்தெருவில் கராஜ் போட்டால் நட்டம் இவருக்கு. அப்படியிருக்க, எதற்கு மனம் வைத்துக் கற்றுக்கொடுப்பார்?

ஜேர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அங்கே பயிலுநரோடு ஒப்பந்தம் செய்வதும் மாதாந்தக் கொடுப்பனவு வழங்குவதும் நிறுவனம். பரீட்சை நடத்துவது வர்த்தக, கைத்தொழில் சம்மேளனங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்குப் பின்னால் வெளிநாட்டு உதவி இருந்தது. கராஜும் பட்டறையும் அப்படியொரு பயிற்சியின் செலவைத் தாங்கா. ஆகவே ‘ஜேர்மனியைப் பாருங்கள்’ என்ற வாதம் நிந்தவூரில் பாதிதான் செல்லும். செல்லுபடியான பாதி இது: கற்றுக்கொடுப்பவரையும் எழுத்தில் கட்ட வேண்டும்.

பெண்பிள்ளைகளின் பக்கம் கணக்கு இன்னும் மோசம். கராஜுக்கோ படகு திருத்தும் இடத்துக்கோ இங்கே யாரும் மகளை அனுப்பப் போவதில்லை. ஊருக்குள் மட்டும் இடம் தேடினால் தையலும் முன்பள்ளியும்தான் மிஞ்சும். வைத்தியசாலை ஆய்வுகூடமும் வங்கிக் கிளையும் பிரதேச செயலகமும் தொழில்தருநர்கள்தானே? பயிற்சி இடம் என்று வரும்போது மட்டும் ஏனோ அவை நினைவுக்கு வருவதில்லை.

என் தீர்ப்பு இது. எண்ணம் தேறுகிறது, இப்போதைய வடிவம் தேறவில்லை. தொழில்தருநரோடு பேசும் பொறுப்பை அதிபரின் தலையில் கட்டுவது வீண். அவருக்கு அதற்கு நேரமுமில்லை, அதிகாரமுமில்லை. நிந்தவூரிலேயே தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட நிலையம் இருக்கிறது. பக்கத்தில் சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரி. தொழில்தருநரோடு ஒப்பந்தம் செய்வது அந்த நிறுவனங்களாகட்டும். அனுபவசாலிகளுக்கு முன்கற்றல் அங்கீகாரத்தின் வழியே என்.வி.கியூ. வழங்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. அதைப் பாவித்து முதலில் ஓடாவிக்கும் கராஜ் பாஸுக்கும் சான்றிதழ் கொடுங்கள். பிறகு பிள்ளையை ஒப்படையுங்கள், கொடுப்பனவோடும் விபத்துக் காப்புறுதியோடும். இன்னொன்று: சாதாரண தரத்தில் தவறியவர்களை மட்டும் இந்தப் பக்கம் தள்ளும் வழக்கம் நிற்க வேண்டும். விஞ்ஞானப் பிரிவு கிடைக்கக்கூடிய ஒரு பிள்ளையாவது விரும்பி வந்து சேரும்வரை, ஊர் இதைத் தோற்றவர்களின் வகுப்பு என்றுதான் சொல்லும். சொல்வதில் பிழையும் இருக்காது.

இவற்றுக்கு நிதி இல்லை என்றால், புதிய உடன்படிக்கை எதிலும் ஒப்பமிடாமல், உள்ள பணத்தை மாவட்ட நிலையத்தின் பட்டறைக்கே செலவழிப்பது மேல்.