பழைய பெட்டியும் புதுப் பாலிஷும்: ஒப்பிடறதுக்கு முன்னாடி சில கேள்விகள்

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, ராமநாதபுரத்துல ஒரு நண்பர் வீட்டு மாடி அறையில் நாலு ஜோடி பழைய ஸ்பீக்கர்களை வரிசையா வச்சு கேட்டோம். ஒண்ணு எழுபதுகளோட அமெரிக்கப் பெட்டி, முழுக்க மூடினது, ஓட்டை கிடையாது. ஒண்ணு சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல வந்த ஜப்பான் பெட்டி, 12 அங்குல ஊஃபர். மூணாவது எண்பதுகளோட இந்தியக் கம்பெனிப் பெட்டி. நாலாவது இங்கேயே யாரோ ஆசாரி செஞ்சு 8 அங்குல பேப்பர் கோன் மாட்டின லோக்கல் பெட்டி. அது எங்க மாமாவோடது. அவர் பொள்ளாச்சிப் பக்கம் ரேடியோ செட் வாடகைக்கு விட்டுட்டு இருந்தவர். கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் குழாய் ஸ்பீக்கர் போகும். இந்தப் பெட்டி மட்டும் வீட்டை விட்டுப் போகாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள தீர்ப்பு வந்துடுச்சு. ஜப்பான் பெட்டி முதலிடம். "இதுதானுங்க சவுண்டு" என்றார் ஒருத்தர். அமெரிக்கப் பெட்டி மந்தம். இந்தியப் பெட்டி பரவாயில்லை. மாமா பெட்டியை ரெண்டு பாட்டுக்கு மேல யாரும் கேட்கவே இல்ல. நானும் அந்தத் தீர்ப்புக்குத் தலையாட்டினேன். அந்தத் தீர்ப்பு ஏன் செல்லாது என்பதுதான் இந்தக் குறிப்பு. நம்மாளுங்க கூடி நடத்துற ஒப்பீடுகள்ல பெரும்பாலானது இப்படித்தான் நடக்குது என்பதால எழுதி வைக்கிறேன்.

சத்தம் கூடினது ஜெயிச்சது

ஆம்ப்ளிஃபையர் வால்யூமை ஒரே இடத்துல வச்சுட்டு, வயரை மட்டும் மாத்தி மாத்திக் கேட்டோம். இது நியாயம் மாதிரி தெரியும். ஆனா ஒரே கரண்ட்டுக்கு எல்லாப் பெட்டியும் ஒரே சத்தம் தராது. மூடின பெட்டி ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்துல சுமார் 86 டெசிபல் தரும்னா, பெரிய ஓட்டைப் பெட்டி 92 தரலாம். ஆறு டெசிபல் வித்தியாசம்னா நாலு மடங்கு பவர். ஒரு டெசிபல் வித்தியாசத்தையே காது "சத்தம் கூட" என்று பிரிச்சுச் சொல்லாது. "தெளிவா இருக்கு, உயிர் இருக்கு" என்றுதான் சொல்லும்.

இதோட இன்னொண்ணும் சேருது. சத்தம் குறையும்போது காதுக்கு பேஸ் அதைவிட வேகமாகக் குறையும். 1933லேயே பிளெட்சர், மன்சன் ரெண்டு பேரும் இதை அளந்து வரைபடம் போட்டுட்டாங்க. பழைய ஆம்ப்ளிஃபையர்ல 'லவுட்னஸ்' பட்டன் இருப்பதே அதனாலதான். ஆக, மெதுவாகப் பாடின அமெரிக்கப் பெட்டிக்கு ரெண்டு தண்டனை: சத்தமும் கம்மி, பேஸும் கம்மி. அதைத்தான் நாங்க 'மந்தம்'னு எழுதிக்கிட்டோம்.

அடுத்த வாரம் திரும்ப உட்கார்ந்தோம். இரைச்சல் சத்தம் ஒண்ணைப் போட்டு, உட்கார்ற நாற்காலியில செல்போனை வச்சு அளந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் வால்யூம் எங்க நிக்கணும்னு மாஸ்க்கிங் டேப்ல கோடு போட்டோம். செல்போன் மீட்டர் சரியான டெசிபல் காட்டாம இருக்கலாம். ஆனா நாலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர அது போதும். செலவு பத்து ரூபாய் டேப். வரிசை அங்கேயே குலைஞ்சுது.

கண்ணும் கேட்குது

ரெண்டாவது வேலை, நாலு முழ வேட்டி ரெண்டைச் சேர்த்துக் கட்டி முன்னாடி தொங்க விட்டது. மெல்லிசுத் துணி, சத்தத்தைப் பெரிசா மறிக்காது.

இதை ஏன் செய்யணும்னு ஒருத்தர் கோவிச்சுக்கிட்டார். "முப்பது வருசமா கேக்கறனுங்க, எங்காதை நம்பமாட்டீங்களா?" நம்பலாம். ஆனா 1994ல ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ரெண்டு பேரும் இதையே சோதிச்சாங்க. நாற்பது பேர், நாலு ஸ்பீக்கர். ஒரு தடவை மறைச்சு, ஒரு தடவை காட்டி. பெட்டியைப் பார்த்ததும் பெரிசா, விலை உசந்ததா தெரிஞ்சதுக்கு மார்க் ஏறிச்சு. சின்ன மலிவான செட்டுக்கு இறங்கிச்சு. கேட்டவங்கள்ல அனுபவசாலிகளும் இருந்தாங்க. அனுபவம் இருந்தா கண்ணோட வேலை நின்னுடும்னு சொல்ல முடியல.

எங்க வேட்டிக்குப் பின்னாடி நடந்ததை ஆராய்ச்சினு சொல்லமாட்டேன். ஆள் கொஞ்சம், அறை ஒண்ணு. ஆனா ஒரு விஷயம் எல்லாருக்கும் உறைச்சுது. அமெரிக்கப் பெட்டியோட பேஸ் எதுன்னு தெரியாமலேயே பாராட்டப்பட்டுச்சு. ஆண் குரலுக்கு மட்டும் பார்த்தா, ரெண்டு பேர் மாமா பெட்டியைத் தேர்ந்தெடுத்தாங்க. வேட்டியை விலக்கினதும் அவங்களே நம்பல.

காரணம் அதிசயம் இல்ல. அந்தப் பெட்டியில ஒரே கோன், நடுவுல ஒரு சின்னக் கூம்பு. கிராஸ்ஓவர் கிடையாது. குரல் இருக்கிற பகுதியை ரெண்டு ஸ்பீக்கர் பங்கு போட்டுக்கல. மேல சிம்பல் தட்டுற சத்தம் காணோம், கீழ பேஸ் கிட்டார் பாதிதான் வருது. ஆனா டி.எம்.எஸ். குரல் நேரா வந்து நிக்குது. அறுபதுகளோட மோனோ பதிவுக்கு அது போதும். ஸ்டீரியோவுல பதிவான முதல் தமிழ்ப் படப் பாட்டுகள்னு சொல்லப்படுற 'ப்ரியா'வையோ (1978), இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்'டையோ (1986) போட்டா அந்தப் பெட்டி மூச்சு வாங்குது. எந்தப் பதிவை வச்சுக் கேட்டோம்னு எழுதாத ஒப்பீட்டை நான் இனிமே முழுசாப் படிக்கறதில்ல.

நாம கேட்டது எந்தப் பெட்டியை?

மூணாவது கேள்வி இன்னும் கஷ்டமானது. ஐம்பது வருசப் பெட்டியைக் கேட்கும்போது அதைச் செஞ்சவங்க செஞ்சதைக் கேட்கறோமா, ஐம்பது வருசம் அதுக்குச் செஞ்சதைக் கேட்கறோமா?

மூடின பெட்டிக்கு முன்னோடி ஏ.ஆர். கம்பெனி. 1954ல எட்கர் வில்ச்சர் கண்டுபிடிச்சது எளிமையான யோசனை: கோனை இழுத்துப் பிடிக்க விறைப்பான துணியோ பேப்பரோ வேண்டாம், பெட்டிக்குள்ள அடைபட்ட காத்தே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யட்டும். அதனாலதான் சின்னப் பெட்டியில பெரிய பேஸ். பெட்டியில எங்கயாவது காத்து கசிஞ்சா அந்த யோசனையே போச்சு. பிரிச்சு மாட்டும்போது பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு வெறுமனே ஸ்குரூ முடுக்கின பெட்டிகளை நான் பார்த்திருக்கேன். உள்ள இருந்த பஞ்சு அழுக்கா இருக்குன்னு எடுத்துட்டு, மில்லு கழிவுப் பஞ்சை அடைச்ச பெட்டியும் பார்த்தேன். கோயமுத்தூர்ல பஞ்சுக்கா பஞ்சம்? ஆனா உள்ள எந்தப் பஞ்சு, எத்தனை எடைன்னு கணக்கு போட்டுத்தான் வச்சிருப்பாங்க. பெட்டி கசியுதான்னு பார்க்க, ஊஃபர் கோனை விரலால மெதுவா உள்ள தள்ளி விடுங்க. சோம்பலா திரும்பி வந்தா நல்லது. டக்குனு வந்தா எங்கயோ ஓட்டை.

1967ல வந்த ஏ.ஆர்.-3ஏ பெட்டிக்குப் பின்னாடி ரெண்டு கண்ட்ரோல் இருக்கும், நடுச் சத்தத்துக்கு ஒண்ணு, மேல் சத்தத்துக்கு ஒண்ணு. அது பாசி பிடிச்சு அரிச்சுப் போறது உலகம் முழுக்கத் தெரிஞ்ச கதை. அரிச்சா ட்வீட்டருக்குப் போற கரண்ட் பாதியாகும், சில சமயம் நின்னே போகும். அந்த நிலையில கேட்டுட்டு "ஏ.ஆர். சவுண்டு இருட்டு" என்று எழுதறவங்க எழுதறது துருவோட சத்தத்தைப் பத்தி. இதே மாதிரி எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் வயசானா மதிப்பு மாறும், உள் தடை ஏறும், மேல் சத்தம் மழுங்கும். ஃபோம் ஓரம் 15, 20 வருசத்துல உதிரும். ரப்பர் ஓரம் நிக்கும்.

அப்ப எல்லாத்தையும் மாத்திடலாமா? அங்கதான் நம்ம ஊர்ப் பழக்கம் ஒண்ணு இடிக்குது. மோட்டார் ஊரு நம்மது. காயில் எரிஞ்சா வைண்டிங் கட்டுவோம், பேரிங் போனா மாத்துவோம், கடைசில பேர்த் தகடு மட்டும்தான் பழசு. தண்ணி வந்தா போதும், யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. ஸ்பீக்கர்ல அப்படி முடியாது. எட்டு அங்குலத்துக்கு எட்டு அங்குலம் சரியா உக்காருதேன்னு கார் ஸ்பீக்கரை மாட்டினா, பெட்டியோட கொள்ளளவுக்கும் அந்தக் கோனுக்கும் உறவே இருக்காது. அளவு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா?

என்னோட கோடு இதுதான்: கண்டன்சரை அதே மதிப்புல மாத்தலாம். கண்ட்ரோலைச் சுத்தம் பண்ணலாம். ஃபோம் ஓரத்தை அதே மென்மையில ஒட்டலாம். ட்வீட்டரை வேற மாடலா மாத்தினா அது ஒப்பீட்டுக்குத் தகுதி இழந்துடுது. கேக்கறதுக்கு நல்லா இருக்கலாம். அந்தக் கம்பெனி பேரைச் சொல்லி ஒப்பிடக் கூடாது.

உப்புத்தாள்

இப்ப என் தப்பைச் சொல்லணும்.

மாமா பெட்டி எங்கிட்ட வந்தப்ப மேல எண்ணெய்க் கறை, டம்ளர் வட்டம், பின்னாடி முழுக்கப் பென்சில் கிறுக்கல். ஒரு சனிக்கிழமை 80 நம்பர் உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்தேன். தேக்கு வினீர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பல பெட்டிகள்ல அரை மில்லிமீட்டர்தான். மூலையில ரெண்டு இழுப்பு கூட இழுத்தேன், உள்ள இருந்த பிளைவுட் வெளிய வந்துடுச்சு. அதை மறைக்க மரத்தூளையும் பசையையும் குழைச்சுப் பட்டி பார்த்தேன், பட்டியை மறைக்க மெலமின் பாலிஷ். பளபளன்னு ஆச்சு. பின் பக்கத்துக்குக் கறுப்பு பெயிண்ட். பார்த்தவங்க எல்லாம் "புதுசு மாதிரி இருக்கு" என்றாங்க. நான் சந்தோஷப்பட்டேன்.

ஒப்பீடு நடந்த அன்னைக்கு ஒரு நண்பர் கேட்டார், "இந்தக் கோன் ஒரிஜினலா, மாத்தினதா? ரெண்டும் வேற மாதிரி பாடுதே." அப்பதான் உறைச்சுது. வலது பெட்டி இடதைவிடக் கொஞ்சம் கூர்மை. எப்போ, எங்க, எத்தனை ஓம் கோன் மாத்தினாருன்னு மாமா பென்சில்ல எழுதி வச்சிருந்தார். அதைத்தான் நான் கிறுக்கல்னு நெனச்சு பெயிண்ட் அடிச்சேன். ரேடியோ செட்காரருக்கு அது பழக்கம். எந்தக் குழாய் எந்த ஊர் நோம்பியில எரிஞ்சுதுன்னு பலகையில எழுதி வைக்கிற ஆள். கேக்கறதுக்கு இப்ப அவரும் இல்ல.

அழுக்குக்கும் ஆவணத்துக்கும் வித்தியாசம் தெரியாம கையில உப்புத்தாளை எடுத்தது நான்தான். பாலிஷ் பண்ணவே கூடாதுன்னு சொல்ல வரல. முதல்ல ஈரத்துணி, அப்புறம் லேசா எண்ணெய், அதுக்கும் போகலைன்னா மட்டும் நைஸ் தாள். அரக்கு பாலிஷ் அடிச்சா ஸ்பிரிட்டைத் தொட்டுத் திரும்ப எடுத்துடலாம். மெலமினை எடுக்க வினீரே போகும். அதுக்கும் முன்னாடி எல்லாப் பக்கமும் போட்டோ.

ஞாபகத்தை எங்க வைக்கறது?

"இதெல்லாம் சரிங்க, எனக்குப் பிடிச்சிருக்கு, போதாதா?" என்று கேட்டால், போதும். பொள்ளாச்சி பஸ்ல பின் சீட்டுக்கு மேல அதிர்ற பெட்டியிலதான் நான் இளையராஜாவைக் கேட்டேன். அந்த பேஸ் தப்பான பேஸ். ஆனா இன்னைக்கும் என் காது அதைத்தான் தேடுது. ஜப்பான் பெட்டி அன்னைக்கு ஜெயிச்சதுல அந்த பஸ்ஸுக்கும் பங்கு உண்டு.

பிடிச்சது வேற, நல்லா இருக்கிறது வேற. ரெண்டும் உண்மை, ஆனா ஒரே வாக்கியத்துல எழுதும்போதுதான் வம்பு. 'கம்பீரம்', 'இனிமை', 'வார்ம்' என்ற சொற்கள் நம்ம எழுத்துல அந்த வேலையைத்தான் பண்ணுது. கேட்டவரோட ஞாபகத்தைப் பெட்டி மேல ஏத்தி வைக்குது. வில்ச்சர் தன் பெட்டிக்கு வச்ச பரீட்சை வேற. நால்வர் குழு மேடையில வாசிக்கும், நடுவுல சத்தம் இல்லாம பதிவுக்கு மாத்துவாங்க, எங்க மாறுச்சுன்னு கேக்கறவங்க சொல்லணும். அதோட எளிய வடிவம் நம்ம வீட்லயும் முடியும். வீட்ல ஒருத்தர் பேசறதைச் செல்போன்ல பதிஞ்சு, அதே அறையில போட்டு, அவரையும் பக்கத்துல பேசச் சொல்லுங்க. அந்தக் குரல் உங்களுக்குத் தெரிஞ்ச குரல். பெட்டி பொய் சொன்னா சீக்கிரம் தெரிஞ்சுடும்.

மாமா பெட்டியைத் திரும்பப் பிரிக்கல. பின்னாடி கறுப்புப் பெயிண்ட் மேல வெள்ளைப் பென்சில்ல எழுதியிருக்கேன்: வினீர் மூலை நான் கெடுத்தது, மெலமின் நான் அடிச்சது, கோன் மாத்தின தேதி தெரியாது. அடுத்து யார் கைக்குப் போனாலும் அவங்க என்ன கேட்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரியட்டும்.