காலடி தெரிய வேண்டும்

இராப்பத்தின் எட்டாம் நாள் சாயங்காலம் ஸ்ரீரங்கம் மணல்வெளியில் நிற்க இடம் கிடைக்காது. வேடுபறி உற்சவம். நம்பெருமாள் தங்கக் குதிரையில் ஏறி வந்து, அந்த வெளியில் முன்னும் பின்னுமாக ஓடிக் காட்டுவார். வையாளி என்பார்கள். எனக்கு அப்போது ஆறேழு வயது. மாமா என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். குதிரையின் கழுத்தும் பெருமாளின் கிரீடமும் தீவட்டி வெளிச்சமும் நன்றாகத் தெரிந்தன. திடீரென்று மாமா என்னைக் கீழே இறக்கி, முன்னால் நின்ற இரண்டு பேருக்கு நடுவே என் தலையை நுழைத்துவிட்டார். "மேலயே பார்த்துண்டு இருக்காதே. காலைப் பாரு" என்றார்.

பார்த்தேன். பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளின் வெறுங்கால்கள். ஒரே தாளத்தில் முன்னேறி, ஒரே தாளத்தில் நின்று, முழங்கால் மடங்கிக் குதித்துத் திரும்பின. மேலே நான் பார்த்த குதிரைப் பாய்ச்சல் முழுதும் கீழே அந்தக் கால்களில்தான் இருந்தது.

ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு அழகைச் சொல்லும்போது ஸ்ரீரங்கத்துக்கு நம் ஊர்க்காரர்கள் சொல்வது நடையழகு. வைகுண்ட ஏகாதசியன்று பெருமாள் சிம்மகதியில், சிங்க நடையில், புறப்படுவதை இங்கே பத்து வயதுப் பையன்கூட அடையாளம் கண்டு சொல்வான். நடையை ரசிக்கக் கற்ற ஊர் இது. அந்த ஊரில் வளர்ந்த பழக்கமோ என்னவோ, சினிமாவில் சண்டை தொடங்கியதும் என் கண் முதலில் கதாநாயகனின் காலைத்தான் தேடுகிறது. இப்போதெல்லாம் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. இடுப்புக்கு மேலேதான் காமிரா.

சண்டைக் கலை தெரிந்த நடிகர்களின் காலம் முடிந்துவிட்டதா, இனி அப்படி ஒருவர் வருவாரா என்ற கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். எனக்கு விடை அந்தக் காலடியில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

தமிழில் மிகப் பழைய சண்டைக் காட்சிகளில் ஒன்று திருச்சிக்காரருடையது. உறையூர்ச் சோழன் தித்தனின் மகன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு மற்போர் செய்தான். புறநானூற்றில் சாத்தந்தையார் மூன்று பாட்டுகளும் நக்கண்ணையார் மூன்று பாட்டுகளும் அவனைப் பற்றிப் பாடியிருக்கிறார்கள், 80 முதல் 85 வரை. இந்த ஆறையும் ஒரு சண்டை இயக்குநர் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

80-ஆம் பாட்டில் சாத்தந்தையார் நம்மை மல்லனுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார வைக்கிறார். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் அழுந்தியிருக்கிறது. இன்னொரு கால் மல்லன் எடுக்கும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்பக்கம் வளைந்திருக்கிறது. கையைப் பற்றிப் பேசும் முன்பே கவிஞர் இரண்டு காலையும் வைத்துவிடுகிறார், எடை எங்கே இறங்குகிறது என்பது உடனே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல் தலையும் காலும் ஒடிய அவன் மல்லனை வீழ்த்துகிறான். இதை இவன் அப்பன் தித்தன் பார்க்க வேண்டுமே என்ற ஏக்கம் வேறு.

82-ஆம் பாட்டு வேகத்தைப் பற்றியது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, மழை கொட்டுகிறது, பொழுது சாய்கிறது. அந்த நேரத்தில் கட்டிலுக்கு வார் பின்னிக்கொண்டிருப்பவனின் கையில் ஊசி எப்படி ஓடும்? அதைவிட வேகமாக இருந்ததாம் அந்தச் சண்டை. எத்தனை நெருக்கடிகளை ஓர் ஊசிமுனையில் கொண்டு வந்து நிறுத்திவிட்டார்! வேகம் என்பது வெறும் விரைவு இல்லை, அதற்குப் பின்னால் அவசரம் இருக்க வேண்டும். இந்தப் பாடத்தை இன்றைய படத்தொகுப்பு மேசைகளில் யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

நக்கண்ணையார் எழுதியது பார்க்கிறவளின் பாட்டு. கோழி என்ற பெயரும் உண்டு உறையூருக்கு. அந்தப் பெருங்கோழியின் வணிகர் மகள் அவர். கிள்ளி வென்றான் என்கிறார்கள் ஒரு பக்கத்தார், வெல்லவில்லை என்கிறார்கள் மறுபக்கத்தார். இவர் காற்சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டுப் பனைமரத்தைப் பிடித்தபடி நின்று, அவன் வென்றதைத் தன் கண்ணால் பார்த்துவிடுகிறார். தன் கண்ணால் பார்த்தது என்பதுதான் இந்தப் பாட்டின் உயிர். சண்டைப் படத்தின் உயிரும் அதுதான். இந்த ஆள் இதை நிஜமாகவே செய்தான், நான் பார்த்தேன் என்று ரசிகன் சொல்ல முடிய வேண்டும்.

ஸ்ரீரங்கம் கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே இருக்கும் சேஷராயர் மண்டபத்துக்கு யாராவது வெளியூர் நண்பர் வந்தால் கட்டாயம் அழைத்துப் போவேன். விஜயநகர காலத்துச் சிற்பிகள் ஒற்றைக் கல்லில் செதுக்கிய குதிரைகள் முன்னங்கால் தூக்கி எழுந்து நிற்கின்றன. மேலிருந்து வீரன் ஈட்டியை இறக்குகிறான், கீழே புலி, அதன் அருகே குத்துவாளோடு காலாள். எல்லோரும் ஈட்டியையும் புலியின் வாயையும் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் நண்பரைக் குனியச் சொல்வேன். குதிரையின் பின்னங்கால்கள் பீடத்தில் எப்படி ஊன்றியிருக்கின்றன என்று பார்த்தால்தான் அத்தனை பாரமும் எங்கே நிற்கிறது என்று விளங்கும். அந்தக் கால்கள் பொய்யாக இருந்திருந்தால் மேலே உள்ள வீரம் அத்தனையும் பொம்மையாகியிருக்கும்.

சினிமாவுக்கும் திருச்சி புதியதல்ல. தென்னிந்திய ரயில்வேயில் இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். பேசும்படம் வந்தபோது, பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து பி.யு. சின்னப்பா வந்தார். சிலம்பமும் குஸ்தியும் பழகிய உடம்பு, அதோடு பாட்டு. நாடகக் கம்பெனி வளர்ப்பு அப்படித்தான் இருந்தது. பையன்களுக்குப் பாட்டும் வசனமும் ஆட்டமும் கம்பும் சேர்ந்தே வந்தன. எம்.ஜி.ஆர். அதே வளர்ப்பில் வந்தவர். 'சர்வாதிகாரி'யில் நம்பியாரோடு வாள் வீசியதும், 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் கம்பு எடுத்ததும் இன்றும் பார்க்கச் சலிக்காதவை. அவருக்கும் டூப் இருந்தது, காமிராவை மெதுவாக ஓட்டி வேகம் கூட்டிய காட்சிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கம்பு அவர் கையில் சுழலும்போது காமிரா விலகி நின்றது. தலை முதல் கால் வரை அவர் சட்டத்துக்குள் இருந்தார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த வாலி அவருக்காக எழுதிய பாட்டுகளை நம்ப வைத்ததில் அந்தக் கால்களுக்கும் பங்கு உண்டு என்பேன்.

விஜயகாந்த் வேறு மாதிரி. சுவரில் ஒரு காலை ஊன்றி மறு காலால் அவர் உதைக்கும்போது கொட்டகையில் எழும் விசில் முழுதும் காலுக்கானது. 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது அந்த உதையைத்தான் பலர் முதலில் நினைவுகூர்ந்தார்கள்.

பிறகு கால் எங்கே போயிற்று? பயிற்சி இல்லாத ஒருவரைப் பத்துப் பேரை அடிப்பவராகக் காட்ட வேண்டியிருந்தது. நிற்கத் தெரியாதவரை முழு உருவமாகக் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் காமிரா கிட்டே போயிற்று. ஒரு குத்தை மூன்று துண்டாக வெட்டினார்கள், கை ஓங்குவது, முகம் திரும்புவது, ஆள் பறப்பது. இடுப்பில் கயிற்றைக் கட்டித் தூக்கி, பிறகு கணினியில் கயிற்றை அழித்தார்கள். கயிற்றில் தொங்குபவனுக்குத் தரையில் கால் வேண்டியதே இல்லை. இப்போது துப்பாக்கியும் மெதுவோட்டமும் சேர்ந்துவிட்டன. நடனத்தில் பிரபுதேவாவின் பாதத்தைக் காட்டாமல் விட்டால் நாம் பொறுத்துக்கொள்வோமா? சண்டையில் மட்டும் ஏன் பொறுத்துக்கொண்டோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

சிலம்பம் படிக்கப் போகிற பிள்ளைக்கு முதல் நாளே வீச்சு கிடைக்காது. காலடிதான் முதலில். முன் வைப்பு, பின் வாங்கல், திரும்பல் என்று சுவடு சுவடாகக் காலில் ஏற வேண்டும். கம்பு ஆடுபவரின் நெற்றி உயரம் இருக்கும். மூங்கிலைத் தண்ணீரில் ஊறவைத்து, நீர்ப்பரப்பில் அறைந்து உறுதியேற்றுவார்கள். போட்டியில் கம்பின் நுனி எதிராளியின் உடம்பில் பட்டால் போதும், ஓங்கி அடித்து வீழ்த்த வேண்டியதில்லை. தொடும் தூரத்துக்குப் போகவும், தொடப்படாத தூரத்துக்கு வரவும் கால்தான் வேண்டும். நல்ல ஆட்டக்காரர் சுற்றும்போது கம்பு கண்ணுக்குத் தெரியாது, உறுமல் சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தத்துக்கு நடுவே காலைக் கவனியுங்கள், அவ்வளவு நிதானமாக இருக்கும்.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தபோது திருச்சியும் போட்டி நடந்த நான்கு நகரங்களில் ஒன்று. அந்த முறை சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. தமிழக அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது இடம்பெற்றுவிட்டது. பயிலும் பிள்ளைகள் பெருகுகிறார்கள். குறை பயிற்சியில் இல்லை, காமிரா அங்கே போகாததில்தான் இருக்கிறது.

இந்தோனேசியாவில் காமிரா போயிற்று. கேரத் எவன்ஸ் என்ற இயக்குநர் சீலாட் கலை பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன இடத்தில் இகோ உவைஸ் என்ற இளைஞரைக் கண்டார். தொலைபேசி நிறுவனம் ஒன்றில் ஓட்டுநர் வேலை பார்த்தவர். அவரை வைத்து 2009-இல் 'மெரந்தாவ்', 2011-இல் 'தி ரெய்டு'. உலகம் முழுக்க அந்தச் சண்டைகளைப் பாடம்போல் பார்த்தார்கள். தாய்லாந்தில் டோனி ஜா 2003-இல் 'ஓங் பாக்'கில் கயிறு இல்லாமல் குதித்தார். இரண்டு பேருமே சொந்த மண்ணின் கலையைச் சொந்த உடம்பில் வைத்திருந்தவர்கள். ஹாங்காங்கில் ஜாக்கி சான் சின்ன வயதிலேயே நாடகப் பள்ளியில் சேர்க்கப்பட்டவர், நம் சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்ததைப்போல.

நம்மிடமும் வெளிச்சம் இல்லாமல் இல்லை. சுதா கொங்கரா 'இறுதிச்சுற்று' (2016) படத்துக்கு நடிக்கத் தெரிந்தவரைத் தேடிக் குத்துச்சண்டை கற்றுக்கொடுக்காமல், களத்தில் மோதிப் பழகிய ரித்திகா சிங்கை அழைத்து வந்தார். அந்தப் பெண்ணின் தோளும் காலும் பேசியதில் வசனம் பின்னால் போய்விட்டது. 2021-இல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது நாடெங்கும் பேசப்பட்டவர் யார்? டான்சிங் ரோஸ். அந்தப் பாத்திரத்தில் ஷபீர் கல்லரக்கல் கைகளைத் தொங்கவிட்டு, குத்துச்சண்டை மேடையின் கயிற்றுக்குள் மிதந்து நகர்ந்தார். படத்தில் அவருக்கு இருந்த நேரம் கொஞ்சம்தான், நம் நினைவில் பிடித்த இடம் பெரிது. நாம் காலடியை மறக்கவில்லை, யாரும் காட்டவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

களரி பயின்ற வித்யுத் ஜாம்வாலை நாம் 'துப்பாக்கி'யில் பார்த்தோம், 2025-இல் 'மதராஸி'யில் மறுபடி பார்த்தோம். இரண்டிலும் வில்லன். எதிரில் நின்றவர், இரண்டாவது படத்தில், திருச்சியில் படித்து வளர்ந்த சிவகார்த்திகேயன். பயிற்சி பெற்ற உடம்பை வில்லனுக்கும் நட்சத்திர அந்தஸ்தைக் கதாநாயகனுக்கும் பிரித்துக் கொடுக்கும் இந்த வழக்கம் மாறினால் போதும், பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும்.

மீதிப் பாதி கடினம். சண்டைக் கலைஞரின் உடம்பில் நட்சத்திரத்தின் முகத்தைக் கணினியில் ஒட்டிவிட முடிகிறது. அப்படியானால் கற்றவன் எதற்கு முன்னால் வர வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்பார். பெயர் தெரியாமலே விழுந்து எழுகிறவர்களின் கூட்டம் இன்னும் பெயரில்லாமல் போகும். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த படப்பிடிப்பில், கார் சாகசக் காட்சியில் மோகன்ராஜ் என்ற சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். அவர் எத்தனை படங்களில் யார் யாருக்காக விழுந்தார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மறுபக்கம், கதவுகளும் திறக்கின்றன. 2016-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து சண்டை அமைப்புக்குத் தேசிய விருது தரப்படுகிறது. முதல் விருது 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெயினுக்குப் போனது. ஆஸ்கரிலும் 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து சண்டை வடிவமைப்புக்குத் தனி விருது. கியானு ரீவ்ஸுக்கு 'மேட்ரிக்ஸ்' படத்தில் டூப்பாக இருந்த சாட் ஸ்டஹெல்ஸ்கி, பின்னாளில் அவரையே வைத்து 'ஜான் விக்' இயக்கினார். 'சார்பட்டா'வின் சண்டைகளை அமைத்த அன்பறிவ் இரட்டையரும் கமல்ஹாசன் நடிக்கும் படத்தை இயக்கப்போவதாக 2024-இல் அறிவிப்பு வந்தது. விழுந்தவர்கள் காமிராவுக்குப் பின்னால் வந்து நின்றால், அதை எங்கே வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பத்தடி தள்ளி வைப்பார்கள்.

போன மாதம் ஒரு காலை, பஞ்சக்கரைப் பக்கம் கொள்ளிட மணலில் நடந்துகொண்டிருந்தேன். பதிமூன்று பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கம்பு சுற்றிக்கொண்டிருந்தாள். ஈர மணலில் அவள் கால்கள் வட்டம் வட்டமாகத் தடம் போட்டிருந்தன, ஒரு தடம்கூட இன்னொன்றின் மேல் ஏறவில்லை. தம்பிபோல இருந்த பையன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சுற்றி முடித்து ஓடி வந்து போனை வாங்கிப் பார்த்தவள் முகம் சுளித்தாள்.

"கால் எங்கடா?"

"கம்பு நல்லா தெரியுதுல்லக்கா."

"இன்னும் பின்னாடி போ. போ, போ. இன்னும்."

அவன் பின்னாலேயே நகர்ந்து, கணுக்கால் நனைய ஆற்றுக்குள் போய் நின்றான். அவள் கம்பைத் தூக்கிக்கொண்டு தன் முதல் தடத்துக்குத் திரும்பினாள்.