பீட்சா கீயும் பை குறியும்

போன வாரம் ஸ்டோர் ரூமை ஒழித்தபோது பழைய சம்பி ஒன் ஒன்று அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்தது. அடாப்டரும் கூடவே இருந்தது, அதிசயம்தான். செருகினேன். கொஞ்ச நேரத்தில் லினக்ஸ் பூட் ஆகி, என் மகள் ஆறு வயதில் க்ரேயானில் வரைந்த யானை திரையில் வந்து நின்றது. ஓரத்தில் தப்பான நேரம். வீட்டு வைஃபை பாஸ்வேர்டு எப்போதோ மாறிவிட்டதால் அதற்கு மணி தெரியவில்லை. யானை மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது.

சம்பியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. இன்டர்நெட் அப்ளையன்ஸ் என்று ஒரு இனம் இருந்தது. கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் மிக்ஸி, டோஸ்டர் மாதிரி பிளக்கில் செருகிவிட்டு இணையத்தைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட பெட்டிகள். பெரும்பாலும் நன்றாக விற்காமல், தள்ளுபடி விலைக்கு வந்து, கடைசியில் என்னை மாதிரி ஆட்கள் கையில் சேரும். நாங்களும் வாங்கிய அன்றே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுவோம்.

இப்படி நோண்டிய கதைகளை நாங்கள் சொல்கிற விதத்தில்தான் எனக்கு இப்போது ஒரு தகராறு. எல்லாக் கதையும் ஒரே மாதிரி இருக்கும்: கம்பெனி பூட்டு போட்டது, கெட்டிக்காரன் ஒருவன் உடைத்தான், லினக்ஸ் ஓடியது, சுபம். இதில் பூட்டு எப்போதும் பெட்டியில்தான் இருக்கும். பத்து பன்னிரண்டு வருஷம் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் மூலக்கதை ஐ-ஓப்பனர். டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருந்த நெட்ப்ளையன்ஸ் என்ற கம்பெனியின் தயாரிப்பு. தட்டையான வண்ணத்திரை, ஒரு கீபோர்டு, உள்ளே 180 மெகாஹெர்ட்ஸ் வின்சிப் பிராசசர், 32 எம்பி மெமரி, 16 எம்பி ஃப்ளாஷ் சிப். அதில் ஓடியது லினக்ஸ் இல்லை, க்யூஎன்எக்ஸ். விலை வெறும் 99 டாலர். எல்சிடி மானிட்டர் மட்டுமே அதைப்போலப் பல மடங்கு விலை விற்ற காலம் அது. மாதம் 21.95 டாலர் சந்தா கட்டி அவர்களுடைய இணைய சேவையில் சேருவீர்கள், பெட்டியில் விட்ட நஷ்டத்தை அதில் பிடித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. கீபோர்டில் பீட்சாவுக்கென்றே ஒரு கீ. அழுத்தினால் ஒரு பீட்சா கம்பெனியின் பக்கம் திறக்கும். ஒரு கம்பெனி தன் வாடிக்கையாளரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன கீபோர்டை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

2000 மார்ச் வாக்கில் லாஸ் வேகாஸைச் சேர்ந்த ஒரு பொறியாளர், மதர்போர்டில் ஹார்டு டிஸ்க் மாட்டுவதற்கான ஐடிஇ கனெக்டர் சும்மா உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். பின்களின் வரிசை மட்டும் இடம் மாறியிருந்தது. அதற்கேற்ப கேபிளைத் திருப்பிச் செய்தால் லேப்டாப் டிஸ்க் ஒன்றைக் கோத்துவிடலாம். அப்புறம் விண்டோஸ், லினக்ஸ், உங்கள் இஷ்டம். கடைகளில் ஐ-ஓப்பனர் காலியானது. சந்தாவில் சேர்ந்தவர்கள் மட்டும் கூடவில்லை.

அப்போது நான் டல்லாஸில் இருந்தேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒன்று வாங்கிவந்து, மதிய இடைவேளையில் லேப் மேஜையில் கேபிள் சால்டர் பண்ணினார். நான் ரிப்பன் கேபிளை விரலால் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் என் பங்கு. லினக்ஸ் ஓடியது. ஆனால் அதற்கப்புறம் என்ன ஆனது என்பதை யாரும் சொல்வதில்லை. 32 எம்பியில் எக்ஸ் விண்டோவைத் திறந்து, அதில் நெட்ஸ்கேப்பையும் திறந்தால் பெட்டி மூச்சு வாங்கியது. கடைசியில் அது அவர் மேஜையில் பாட்டு போடுகிற பெட்டியாக ஆறு மாதம் இருந்தது. சாதனைதான், ஆனால் புராணத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை.

கம்பெனி தரப்பில் இதைத் திருட்டு மாதிரியே பார்த்தார்கள். பயாஸ் சிப்பின் மேல் எபாக்சி பசையை ஊற்றினார்கள், கனெக்டர் பின்களை எடுத்தார்கள், வாங்கும்போதே சந்தாவுக்குச் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். நஷ்டத்துக்கு விற்பது என்பது அவர்களுடைய கணக்கு. கடையில் 99 டாலர் கொடுத்து ரசீது வாங்கியவன் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடவில்லையே! வேடிக்கை என்னவென்றால், கடைசியில் அபராதம் கட்டியது நோண்டியவர்கள் இல்லை. சந்தா கட்டாயம் என்பதை விளம்பரத்தில் சரியாகச் சொல்லவில்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் போட்ட வழக்கில், 2001-ல் கம்பெனிதான் 1,00,000 டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அதே வருஷம் நெட்ப்ளையன்ஸ் அப்ளையன்ஸ் தொழிலை விட்டு, டிப்பிங்பாயின்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டு, நெட்வொர்க்குக்குள் அத்துமீறி நுழைபவர்களைத் தடுக்கும் கருவிகள் செய்ய ஆரம்பித்தது. 2005-ல் அதை வாங்கியது த்ரீகாம். ஆட்ரி என்ற இன்டர்நெட் அப்ளையன்ஸைக் கொண்டுவந்து சில மாதங்களிலேயே 2001-ல் கைகழுவிய அதே த்ரீகாம். 2007-ல் வான்கூவரில் பவ்ன்-டு-ஓன் போட்டி தொடங்கியபோது, ஓட்டையைக் கண்டுபிடித்தவருக்கு 10,000 டாலர் தந்தது இந்த டிப்பிங்பாயின்ட்தான். போட்டியின் விதியே உடைத்தால் லேப்டாப் உனக்கு என்பது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதைத்தான் எபாக்சி ஊற்றித் தடுத்தார்கள்!

சரி, சம்பிக்கு வருவோம். ஐ-ஓப்பனருக்கு எல்லா விதத்திலும் நேர்மாறு என்றுதான் அதை நாங்கள் கொண்டாடினோம். சான் டியாகோவில் இருந்த சம்பி இண்டஸ்ட்ரீஸில் ஹார்டுவேரைப் பார்த்துக்கொண்டவர் பன்னி ஹுவாங். எக்ஸ்பாக்ஸின் பாதுகாப்பை உடைத்து, அதைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். பூட்டை உடைத்தவரே பெட்டி செய்தால் எப்படி இருக்கும்? சர்க்யூட் வரைபடத்தை வெளியிட்டார்கள். கெர்னல் சோர்ஸ் கொடுத்தார்கள். ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அவர்களே எழுதிவைத்தார்கள்.

2008-ல் வந்த முதல் சம்பி ஒரு தோல் பைக்குள் இருந்தது. அமுக்கினால் உள்ளே இருக்கிற சென்சார் உணரும். அடுத்து வந்த சம்பி ஒன் பிளாஸ்டிக், பட்டியல் விலை 119 டாலர். நான் வாங்கியபோது தள்ளுபடியில் அதில் பாதிகூட இல்லை. 454 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் பிராசசர், 64 எம்பி மெமரி, மூன்றரை அங்குலத் தொடுதிரை, எஃப்எம் ரேடியோ, ஒரு வால்யூம் குமிழ். மொத்த சிஸ்டமும் உள்ளே இருக்கும் 2 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில். கேமரா பேட்டரி ஒன்றைப் போட்டுக்கொள்ளவும் கீழே இடம் உண்டு.

உள்ளே நுழைய சால்டரிங் வேண்டாம். செட்டிங்ஸில் சம்பியைப் பற்றிய தகவல் திரையின் மூலையில் சின்னதாக ஒரு பை குறி இருக்கும். கணிதத்தில் வருகிற பை, தோல் பை இல்லை. அதைத் தொட்டால் எஸ்எஸ்எச் சர்வரை ஆன் செய்யும் பொத்தான் வரும். அப்புறம் லேப்டாப்பிலிருந்து ரூட்டாக லாகின் பண்ணலாம், பாஸ்வேர்டுகூடக் கேட்காது. முதல் தடவை ப்ராம்ப்ட் வந்தபோது எனக்கு லேசான ஏமாற்றம். கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளே வா என்கிறார்களே!

திரை 320-க்கு 240. பிக்சலுக்கு 2 பைட். ஆக, 1,53,600 பைட் இருந்தால் ஒரு முழுப்படம். அந்த அளவுக்கு ஒரு ஃபைல் செய்து ஃப்ரேம்பஃபருக்குள் ஒரு கேட் கமாண்டில் கொட்டினால் படம் வந்துவிடும். யானையை ஸ்கேன் செய்து கொட்டினேன். சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டதால் யானையின் அம்பாரி நீலமாகவும் வானம் செங்கல் நிறத்திலும் வந்தது. "அப்பா, இது என் யானை இல்லை" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். பிட்களை ஒழுங்காக அடுக்கி யானையை மீட்க இரண்டு ராத்திரி ஆனது. "மூணரை அங்குலத்துக்கு இவ்வளவு முழிப்பா?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் எதுவும் இல்லை.

இதுவரைக்கும் சுபம்தான். ஆனால் சம்பியின் உண்மையான வேலை யானை காட்டுவது இல்லை. அது விட்ஜெட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. வானிலை, செய்தி, கடிகாரம், ஏல விலை என்று குட்டிக்குட்டி ஃப்ளாஷ் நிரல்கள். எந்த விட்ஜெட் எந்த வரிசையில் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதை நீங்கள் அவர்களுடைய இணையதளத்தில் போய் அமைப்பீர்கள். பெட்டி, சர்வரைக் கேட்டு அந்தப் பட்டியலை வாங்கிக்கொள்ளும். விட்ஜெட்டுகளும் அங்கிருந்துதான் வரும். அவற்றை ஓட்டுகிற ஃப்ளாஷ் லைட் பிளேயர் அடோபியுடையது, அதற்கு சோர்ஸ் கிடையாது. அதாவது மதர்போர்டு திறந்தது, கெர்னல் திறந்தது, திரையில் தெரிவதை வரைகிற நிரல் மூடியது, எதை வரைய வேண்டும் என்று சொல்கிற சர்வர் கம்பெனியின் கையில்.

ரூட் லாகின் கிடைத்த சந்தோஷத்தில் நான் இதைக் கவனிக்கவே இல்லை. வீட்டுச்சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, மெயின் ஸ்விட்சை அவர்கள் தெருவில் வைத்துக்கொண்ட மாதிரி.

2012-ல் கம்பெனி நின்றது. சர்வர் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. 2013 பிப்ரவரியில் அதுவும் ஓய்ந்து, எல்லாப் பெட்டிகளிலும் ஒரேயொரு விண்வெளிக் கடிகாரம் மட்டும் வர ஆரம்பித்தது. பழைய ஊழியர் ஒருவர் விடாமல் பாடுபட்டு 2014 ஜூலையில் சேவையை மீண்டும் கொண்டுவந்தார், மாதம் 3 டாலர் சந்தாவில். அப்போது சிலர் திட்டினார்கள். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலிலேயே யோக்கியமாகச் சொல்லப்பட்ட முதல் விலை அந்த 3 டாலர்தான். ஐ-ஓப்பனர் 99-க்குள் 21.95-ஐ ஒளித்துவைத்தது. சம்பி, 119 கொடுத்தால் சர்வரும் என்றைக்கும் சும்மா ஓடும் என்பதுபோல நடந்துகொண்டது. இரண்டுமே பொய்க்கணக்கு. இரண்டாவதைச் சொன்னவர்கள் நமக்குப் பிடித்தவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐ-ஓப்பனரின் எபாக்சி ஒரு விதத்தில் உதவி செய்தது என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. இது என்னுடையது இல்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டதால், வாங்கியவர்கள் முதல் நாளிலிருந்தே கம்பெனி இல்லாமல் அதை ஓட்ட வழி தேடினார்கள். கம்பெனி போனபின் நண்பருடைய பாட்டுப்பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பியில் எல்லாம் திறந்தே கிடந்ததால் எங்களில் பலருக்கு அந்த அவசரம் வரவில்லை. சில ரசிகர்கள் சர்வர் இல்லாமலே ஓடும் ஃபர்ம்வேர் செய்தார்கள், அவர்களுக்குக் கும்பிடு. நான் இரண்டு ராத்திரியை யானையின் நிறத்தில் செலவழித்தேன். சர்வரோடு பெட்டி என்ன பேசுகிறது என்று பாக்கெட்டுகளைப் பிடித்துவைத்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்திருக்கும் வேலை. கையிலிருந்தபோது செய்யவில்லை.

போன வருஷம் வீட்டுக்கு வாங்கிய வாசல் கேமரா ஒன்று இப்போது சும்மா சுவரில் இருக்கிறது. அதுவும் தள்ளுபடிதான், அதிலும் லினக்ஸ்தான், சீரியல் போர்ட்டைக்கூடக் கண்டுபிடித்துவிட்டேன். தயாரித்தவர்கள் ஆப்பை நிறுத்திவிட்டார்கள். கர்னல் சோர்ஸ் கேட்டு மெயில் போட்டால் வந்தும் விடலாம். வந்து என்ன செய்ய? அது படத்தை அனுப்ப நினைக்கிற முகவரியில் இப்போது யாரும் இல்லை. இந்தத் தடவை முதல் வேலையாக பாக்கெட் பிடிக்கத்தான் உட்கார்ந்தேன், தினமும் எத்தனை மணிக்கு அந்த இல்லாத சர்வரைக் கூப்பிடுகிறது என்பது வரை குறித்துவைத்திருக்கிறேன்.

சம்பியின் மைக்ரோ எஸ்டி கார்டை வெளியே எடுத்து நேற்று ராத்திரி டிடி போட்டு முழுசாக நகலெடுத்துவிட்டேன். 2 ஜிபிதான், சீக்கிரம் முடிந்தது. மகளுக்கு யானையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இப்போது காலேஜில் இருக்கிறாள். "அம்பாரி கலர் கரெக்டா இருக்கே" என்று பதில் வந்தது.