கோவூர்கிழாரும் கற்பிட்டிக் கரையும்

போர் குறித்த மக்களின் கருத்தை உணர்ச்சி ஆக்குகின்றதா, அறிவு ஆக்குகின்றதா என்னும் வினாவிற்குப் புறநானூற்றில் விடை தேடுவோர் பெரும்பாலும் 279ஆம் பாடலையே எடுத்துக்காட்டுவர். பிறந்தகத்தார் ஒருவனை முன்னொருநாளும் கணவனை நேற்றும் களத்தில் இழந்தவள், இன்று பறையொலி கேட்டதும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையிற் கொடுத்து அனுப்புகின்றாள். உணர்ச்சி அறிவை விழுங்கியமைக்கு இதனினும் சான்று வேண்டா என்பர்.

ஆயின் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டை அவ்வளவு எளிதாகத் தொடங்கவில்லை. அவள் சிந்தையைச் சபிப்பது போன்றதொரு தொடரே முதலில் வருகின்றது. அவளது துணிவின் கடுமை கண்ட திகைப்பு அடுத்து வருகின்றது. இதனைப் புகழ்ச்சியாகவே கொள்வது வழக்கம். அவ்வாறே கொள்ளினும், அத்திகைப்பு துடைக்கப்பட்டு, வீரத்தாய் மட்டுமே பிற்கால மேடைகளில் நிறுத்தப்பட்டமை நோக்கத்தக்கது. அங்கு உணர்ச்சி மிகுந்துவிடவில்லை. அதன் ஒரு பாதி வெட்டப்பட்டது.

வெட்டப்பட்ட பாதிக்குப் பதிலாக வந்தமர்வது யாது என்பதைக் கற்பிட்டிக் கரை அறியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். தொகை 75,000 அளவினது என்பர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய ஊரவர் படகேறிக் கற்பிட்டியில் வந்திறங்கினர். இது கோபத்தில் நிகழ்ந்ததன்று. ஊர் ஊராகக் கட்டளை போயிற்று. கொண்டுசெல்லத்தக்கன எவை என்பது வரையறுக்கப்பட்டது. சிலர்மீது ஐயம், ஆதலால் எல்லோரும் வெளியேறுக என்ற அனுமானம் தருக்க நூலின் முதற்பாடத்திலேயே வீழக்கூடியது. எனினும் அது அறிவின் உடை தரித்தே வந்தது. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் போன்ற சிலர் பதிவு செய்தனர். கற்றோர் பலரிடம் இருந்ததோ, இது பேசும் காலமன்று என்னும் நியாயம். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் அவ்வெளியேற்றத்தை அரசியல் தவறு என ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது பெரிதே, ஆயினும் அச்சொல்லும் கணக்கேட்டுச் சொல்லே.

கற்பிட்டியார் வந்தோரை ஏற்றது கணக்குப் பார்த்தன்று. பள்ளிவாசலும் பாடசாலையும் திறக்கப்பட்டன. தென்னந்தோப்புகளில் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. ஆண்டுகள் நீளவே, காணி, தொழில், பாடசாலை இடம் என்னும் கணக்குகள் தோன்றி, புத்தளம் மாவட்டமெங்கும் ஊரவர்க்கும் அகதிகளுக்குமிடையே மனத்தாங்கல்கள் வளர்ந்தன. வசதி குறைந்த கரையோர மக்கள் அவ்வாறு எண்ணியதைக் கல்நெஞ்சம் எனத் தள்ளுவது எளிது, நீதியன்று. அக்கணக்கு பொய்க்கணக்கும் அன்று. எனினும் முதல்நாள் இரக்கத்திற்குத் தெரிந்த முகங்கள் பின்னாளில் எண்களாயின.

எனவே உணர்ச்சியா அறிவா என்பதைவிட, எவருடைய துயரைக் காணும்படி அறிவு விடுகின்றது என்பதே கேட்கத்தக்க வினா. இதற்குத் துணையாவது 279 அன்று, 46ஆம் பாடல். கிள்ளிவளவன் மலையமானின் சிறுவரை யானைக்காலில் இட முனைகின்றான். கோவூர்கிழார் முதலில் வாதிடுகின்றார்: நீ புறாவின் துயர் தீர்த்தோன் மரபினன், இவர்கள் புலவர்க்குப் பகுத்துண்டோர் மரபினர். அடுத்துச் சிறுவரைக் காட்டுகின்றார்: யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்தவர்கள், புதிய மன்றத்தைக் கண்டு மருண்டு நிற்கின்றனர். இக்காட்சி வாதத்தின் மேல் தூவிய அணி அன்று. இஃதின்றி வாதமே இல்லை. சிறுவர் எப்பக்கத்தவர் என்பதை அவர் மறைக்கவுமில்லை. கேட்டாய், இனி உன் விருப்பம் என்று முடித்து விலகிவிடுகின்றார்.

பாடலடிக் குறிப்பு அச்சிறுவர் உய்ந்தனர் என்கின்றது. 279ஐ மனனம் செய்த மேடைகளில் இப்பாடல் அதிகம் ஒலித்ததில்லை.