பிடிஎஃப்பில் அசையும் வரைபடங்கள்: பயனும் பழுதும்

அடோபி நிறுவனம் 1993-இல் பிடிஎஃப் வடிவத்தை வெளியிட்டபோது அது தந்த வாக்குறுதி எளிமையானது: எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் பக்கம் ஒன்றுபோலவே இருக்கும். அந்தப் பக்கத்துக்குள் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் இப்போது அசையும் வரைபடங்களைப் பதிக்கிறார்கள். நல்ல உத்திதான். ஆனால் சொல்லவந்த கருத்து முழுவதையும் அசைவிடமே ஒப்படைத்துவிட்டால், பிடிஎஃப்பின் அடிப்படை வாக்குறுதியே முறிந்துபோகிறது.

முதலில் பயனைப் பார்ப்போம். லேடெக்ஸ் என்னும் ஆவணத் தயாரிப்பு மென்பொருளில் எழுதுவோர் இதற்குப் பெரிதும் நாடுவது அலெக்சாண்டர் கிரான் உருவாக்கிய ‘அனிமேட்’ தொகுப்பை. ஒவ்வொரு நிலையும் தனிப் படமாகக் கோப்பில் அமர்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி மறைக்கிறது. தனி வீடியோ கோப்பு தேவையில்லை. வெக்டர் படங்களானால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காது. பொத்தானை அழுத்தி நிறுத்தலாம். ஒவ்வொரு படமாக முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

சதுர அலையை ஃபூரியர் தொடரால் கட்டியெழுப்பும் பாடத்தில் இதன் அருமை தெரியும். உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க வளைவு சதுரத்தை நெருங்குகிறது. ஆனால் அலை தாவும் இடத்தில் எழும் கூம்பு மட்டும் ஒடுங்கிக்கொண்டே போகிறதே தவிர, உயரம் குறைந்து மறைவதில்லை. தாவலின் அளவில் ஏறத்தாழ 9 சதவீதத்தில் நிலைத்துவிடுகிறது. கிப்ஸ் விளைவு எனப்படும் இதை, மாணவர் தம் கையால் படங்களை நகர்த்திப் பார்க்கும்போது எளிதில் பற்றிக்கொள்கிறார்.

இனி பழுதுகள். அடோபி ரீடர், ஒகுலர் போன்ற சில மென்பொருள்களில் ஓடும் இத்தகைய படம், உலாவிகளிலும் பெரும்பாலான கைபேசிச் செயலிகளிலும் ஓடுவதில்லை. அங்கே பிழைச்செய்தி எதுவும் வராமல் போகலாம். அசைய வேண்டிய படம் இது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போவதுதான் பெரிய இழப்பு. கோப்பின் கனமும் சிக்கல்: ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட வரைபடத்தை நூறு நிலைகளாக அடுக்கினால் கோப்பு வீங்கிவிடும்.

நீண்டகாலப் பாதுகாப்பு இதைவிடக் கடினம். ஆவணக் காப்புக்காக 2005-இல் வந்த பிடிஎஃப்/ஏ தரம் ஜாவாஸ்கிரிப்டை அனுமதிப்பதில்லை. அடோபியின் பழைய அசைபட மென்பொருளான ஃபிளாஷை நம்பிப் பதித்த படங்களின் கதி நமக்குத் தெரியும்: 2020 இறுதியில் அடோபி ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் இயங்குவதையே தடுத்தது.

எல்லா இடத்திலும் ஓடினாலும், அசைவு நன்றாகப் புரியவைக்கிறதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஸ்வீடனின் பொதுச் சுகாதார அறிஞர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006-இல் டெட் மேடையில் உலக நாடுகளைக் குமிழ்களாக ஓடவிட்டு அரங்கைக் கட்டிப்போட்டார். ஆனால் அவர் பக்கத்தில் நின்று, எந்தக் குமிழைப் பார்க்க வேண்டுமெனச் சுட்டிக்கொண்டே இருந்தார். ஆய்வாளர் ஜார்ஜ் ராபர்ட்சன் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய படங்களைச் சோதித்தது. பங்கேற்றோர் அசைவை ரசித்தார்கள். ஆயினும் தாமே தரவை அலசும்போது, நிலையான சிறு படங்களை வரிசையாக வைத்த முறையே கூடுதல் பலன் தந்தது. பிடிஎஃப் வாசகர் பெரும்பாலும் தனியாகத்தான் படிக்கிறார். சுட்டிக்காட்ட அருகில் ரோஸ்லிங் இல்லை.

ஆகவே, வகுப்பிலோ கருத்தரங்கிலோ தம் மடிக்கணினியில் தாமே திறந்து விளக்குபவர் தயங்காமல் பயன்படுத்தலாம். பிறர் படிக்க அனுப்பும் ஆவணத்தில் முக்கியமான மூன்று நான்கு நிலைகளை அருகருகே அச்சிடுவதே முறை. அசையும் படம் அதற்குத் துணையாக வரட்டும். அச்சில் எந்த நிலை தெரிய வேண்டும் என்பதை அனிமேட்டிலேயே குறிக்கலாம். காலியான முதல் படத்தை விட்டு, பொருள் நிறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது அசையும் படம் என்பதையும், எதில் திறந்தால் ஓடும் என்பதையும் படக்குறிப்பில் எழுத வேண்டும். அசைவை நீக்கினாலும் வாதம் குறையாமல் நிற்கும் பக்கத்தில்தான் அசைவைச் சேர்க்க நமக்கு உரிமை உண்டு.