களைத்துப் போகுமா அட்ரினல் சுரப்பி?

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், குற்றாலம் செல்லும் பேருந்துகளில் நிற்கக்கூட இடம் கிடைப்பதில்லை. பேரருவியின் அடியில் போய்த் தலையைக் கொடுப்பவருக்கு முதல் சில நொடிகள் மூச்சு முட்டும், நெஞ்சு படபடக்கும், தோல் சிலிர்க்கும். பிறகு உடல் பழகிவிடும். கரையேறித் தலை துவட்டும்போது, ஊரிலிருந்து சுமந்து வந்த கவலையெல்லாம் நீரோடு போய்விட்டாற்போல் ஒரு தெளிவு பிறக்கும்.

சென்ற சீசனில் அருவிக்குப் போகும் வழியில் ஒரு துண்டறிக்கை என் கையில் திணிக்கப்பட்டது. ஓயாத மன அழுத்தத்தால் அட்ரினல் சுரப்பிகள் களைத்து வற்றிவிடுகின்றன என்றும், காலையில் எழ இயலாமை, பிற்பகல் சோர்வு, உப்பின் மேல் ஆசை, காப்பி இன்றி இயங்க முடியாமை ஆகியன அதன் அறிகுறிகள் என்றும் அதில் கண்டிருந்தது. ஒரு டப்பா மாத்திரையும் அருவிக் குளியலும் சுரப்பியை மீண்டும் நிரப்பிவிடுமாம். அறிகுறிப் பட்டியலைப் படித்துப் பார்த்தேன். எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் அனைவருக்குமே அந்நோய் இருக்கக் கண்டேன்!

துண்டறிக்கை எழுதியவர் இக்கருத்தைத் தாமே கற்பித்துக்கொள்ளவில்லை. 'அட்ரினல் களைப்பு' என்னும் சொல்லை 1998-இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன் என்னும் அமெரிக்கர். 2001-இல் அதே பெயரில் ஒரு நூலும் எழுதினார். இருபத்தோராம் நூற்றாண்டின் அழுத்த நோய் என்பது அதன் துணைத் தலைப்பு. கால் நூற்றாண்டுக்குள் அக்கருத்து உலகைச் சுற்றி, கைப்பேசி வழியே தமிழுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எனவே, துண்டறிக்கையை விட்டுவிட்டு மூலக் கருத்தையே எடுத்து ஆராய்வதுதான் முறை.

நூலின் வாதம்

அட்ரினல் சுரப்பிகள் அடியோடு அழியும்போது தோன்றும் நோயை லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் விளக்கினார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. முழு நலத்திற்கும் அடிசன் நோய்க்கும் இடையே அகன்ற ஓர் இடைநிலம் உண்டு. அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சுரப்பி தளரும் அந்நிலையை வழக்கமான இரத்தச் சோதனைகள் காட்டுவதில்லை. மருத்துவர்களும் கண்டுகொள்வதில்லை என்பதே வில்சனின் வாதம். அதைக் கண்டறிய வினாப் பட்டியல் தருகிறார். உறக்கம், உணவு, ஓய்வு பற்றிய அறிவுரைகளோடு வைட்டமின்கள், மூலிகைகள், விலங்குகளின் அட்ரினல் திசுச்சாறு ஆகியவற்றையும் பரிந்துரைக்கிறார்.

இக்கருத்து ஏன் பரவியது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பொழுதெல்லாம் ஓயாமல் உழைத்துச் சோர்ந்த ஒரு பெண் மருத்துவரிடம் போகிறாள். இரண்டே நிமிடத்தில், "எல்லாம் நார்மல்தான், போய் வாம்மா" என்கிறார்கள். அவளிடம், 'உன் களைப்பு பொய்யன்று, அதற்கு ஒரு பெயர் உண்டு' என்று முதலில் சொன்னவர் யாரோ, அவரை அவள் நம்பத்தான் செய்வாள். ஓய்வு கொள், நேரத்தில் உறங்கு என்னும் அறிவுரையும் தவறன்று. ஆனால், ஆறுதல் தருவதனால் மட்டுமே ஒரு கருத்து உண்மையாகிவிடாது.

குளமா, அடுக்களையா?

சிறுநீரகம் ஒவ்வொன்றின் மேலும் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் எடை நான்கைந்து கிராம்தான். அதன் உட்பகுதியான அகணி, அட்ரினலினைச் சுரக்கிறது. புறணி எனப்படும் வெளிப்பகுதி கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் முதலிய ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணையிட, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோனை அனுப்ப, புறணி கார்ட்டிசாலைத் தயாரிக்கிறது. இரத்தத்தில் கார்ட்டிசால் கூடியதும் மேலிருந்து வரும் ஆணை குறைகிறது.

வில்சன் கருத்தின் அடியில் ஒரு குளத்தின் படம் இருக்கிறது. இறைக்க இறைக்க வற்றும் குளம் அது. ஆனால், புறணி குளம் அன்று, அடுக்களை. அகணியாவது அட்ரினலினைச் சிறு மணிகளாகச் சேமித்து வைக்கிறது. புறணியோ கார்ட்டிசாலைச் சேமிப்பதே இல்லை. ஆணை வந்தபோது கொலஸ்டிராலிலிருந்து அவ்வப்போது ஆக்கி அனுப்புகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிகிராம் ஆக்கும் அது, கடும் நோயின்போதும் அறுவையின்போதும் பல மடங்கு கூட்டி ஆக்குகிறது. புறணியில் ஏறத்தாழ 90 விழுக்காடு அழிந்த பின்னரே அடிசன் நோயின் குறிகள் வெளிப்படையாகின்றன என்பர். இத்தகைய கையிருப்பு உடைய உறுப்பு, அலுவலகக் கவலையால் வற்றிவிடும் என்பதற்குத் தக்க சான்று வேண்டும்.

கம்பியும் தசையும்

களைப்பு என்னும் உவமை எங்கிருந்து வந்தது? இயற்பியல் பயின்றோர் அறிவர். ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் முறுக்கினால் அதன் மீட்சித் திறன் தளரும். இதனைக் களைப்பு என்கிறோம். உயிரியல் வழங்கும் 'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல்லும் இயற்பியலில் தகைவைக் குறிப்பதே. 1936-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து ஹான்ஸ் செலியே எலிகளைக் குளிர், காயம், கடும் உழைப்பு, நச்சு ஆகியவற்றுக்கு ஆளாக்கி ஆராய்ந்த முடிவை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். உடலின் எதிர்வினை அபாய நிலை, எதிர்ப்பு நிலை, சோர்வு நிலை என மூன்று படிகளில் அமைவதாக அவர் வகுத்தார். அட்ரினல் களைப்பு பேசுவோர் இந்த மூன்றாம் படியைத்தான் பற்றிக்கொள்கிறார்கள்.

ஆனால், செலியே அந்த எலிகளில் கண்டது என்ன? தைமஸ் சுருங்கியிருந்தது, இரைப்பையில் புண்கள் இருந்தன, அட்ரினல் சுரப்பிகளோ பருத்திருந்தன! சுமை ஏற ஏறக் கம்பி தளர்கிறது. ஆனால், சுமை தூக்குபவரின் தோள் திரள்கிறது. ஏ.சி.டி.எச். தொடர்ந்து தூண்டினால் புறணி வளர்கிறதே அன்றித் தேய்வதில்லை. உலோகத்தின் விதியை உயிர்த் திசுவின் மேல் ஏற்றியதே இங்கு நேர்ந்த முதற் பிழை.

ஒரு முறை அளந்தால் போதுமா?

இரண்டாம் பிழை அளவையில் நேர்கிறது. இரத்தத்தில் கார்ட்டிசால் காலை 8 மணியளவில் டெசிலிட்டருக்கு 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இருக்கும். நள்ளிரவில் அதன் சிறு பகுதியே இருக்கும். பங்குனி வெயிலில் குற்றாலம் வந்தவர், பாறையில் ஒட்டி வழியும் நூலிழை நீரைக் கண்டு சிற்றாறு செத்துவிட்டது என்று எழுதினால் எப்படி இருக்கும்? நேரம் குறிக்காத ஒற்றை உமிழ்நீர்ச் சோதனையை வைத்துச் சுரப்பி களைத்தது என்பதும் அப்படித்தான்.

சுரப்பியின் திறனை அறிய மருத்துவர்கள் கையாளும் முறை வேறு. செயற்கை ஏ.சி.டி.எச். 250 மைக்ரோகிராம் செலுத்தி, 30, 60 நிமிடங்களில் கார்ட்டிசால் எவ்வளவு உயர்கிறது என்று அளக்கிறார்கள். ஆணையிட்டுப் பார்த்தால்தானே அடுக்களையின் திறன் தெரியும்!

பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் காடெஜியானி, காட்டர் ஆகிய இருவரும் இத்துறையில் வெளியான 3,470 கட்டுரைகளைச் சலித்து, தகுதியுள்ள 58 ஆய்வுகளைத் தேர்ந்து 2016-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அளவை முறைகளில் குறைகள் மலிந்திருந்தன. அட்ரினல் களைப்பு என ஒன்று இல்லை என்பதையே அவர்கள் கட்டுரைக்குத் தலைப்பாக இட்டார்கள்.

'ஹார்மோன் சமநிலை' பற்றியும் ஒரு கதை உலவுகிறது. கார்ட்டிசால் ஆக்குவதற்காக, பால் ஹார்மோன்களுக்குரிய மூலப்பொருளைச் சுரப்பி திருடிவிடுகிறதாம். புறணியில் மூன்று அடுக்குகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் அதற்கே உரிய நொதிகள் தத்தம் ஹார்மோனை ஆக்குகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று திருட, பொதுக் களஞ்சியம் என்று ஏதுமில்லை. நெடுநாள் அழுத்தத்தில் சில பெண்களுக்கு மாதவிடாய் தவறுவது உண்மைதான். ஆனால், அது மூளையிலிருந்து கருவகத்துக்குச் செல்லும் ஆணை குறைவதால் நேர்வது.

அப்படியானால் அழுத்தம் தீங்கற்றதா?

அன்று. வில்சன் தீங்கைத் தவறான இடத்தில் தேடினார் என்பதே என் குறை. நெடுநாள் அழுத்தத்தில் கெடுவது சுரப்பி அன்று. அதற்கு ஆணையிடும் ஒழுங்கு. காலையில் உயர வேண்டியது போதிய அளவு உயராமலும், இரவில் தாழ வேண்டியது தாழாமலும் நாளின் ஏற்ற இறக்கம் மழுங்கிவிடுவதுண்டு. லண்டன் அரசு அலுவலர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த வொயிட்ஹால் ஆய்வில், இவ்வாறு மழுங்கியவர்களிடையே இதயநோய் இறப்பு மிகுந்திருந்தது 2011-இல் தெரியவந்தது. இரவில் கார்ட்டிசால் தாழாமல் நின்றால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உயர இடமுண்டு. உடல் ஓயாமல் ஈடுகொடுப்பதால் ஏறும் இத்தேய்மானத்தைப் புரூஸ் மக்யூவன் 1993-இல் ஒரு சுமையாகவே உருவகித்தார்.

தென்காசி வட்டாரத்தில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் பெண்கள் எத்தனையோ பேர். வீட்டு வேலை முடித்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எண்ணிக்கை முடியும் வரை குனிந்திருக்கும் ஒருத்திக்கு டப்பா மாத்திரை என்ன செய்யும்? அவளுக்கு வேண்டியது உறக்கமும் நியாயமான கூலியும். அவள் நோயைச் சுரப்பியில் வைத்துப் பூட்டிவிட்டால், அழுத்தத்தின் காரணத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

மருந்தே நோயாகும் விந்தை

இக்கருத்தால் இரு கேடுகள் விளைகின்றன. முதலாவது, உண்மை நோய் மறைந்துபோகிறது. களைப்புக்குப் பின்னால் இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு, மனச்சோர்வு நோய் ஆகியவை இருக்கலாம். அரிதாக அடிசன் நோயேகூட இருக்கலாம். அடிசன் கண்ட நோயாளிகளுள் பலரது சுரப்பியை அரித்திருந்தது காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். எடை குறைதல், எழுந்தால் தலைசுற்றல் ஆகியவற்றோடு ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுத்தால், வெயில் பட்டது என்று விட்டுவிடலாகாது.

இரண்டாவது கேடு இன்னும் கொடியது. அட்ரினலுக்கு வலுவூட்டும் என விற்கப்பட்ட 12 மாத்திரைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. ஏழில் ஸ்டீராய்டு ஹார்மோன் இருந்தது. கார்ட்டிசாலைப் போன்ற ஸ்டீராய்டு வாரக்கணக்கில் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால், மேலிருந்து வரும் ஆணை நின்று புறணி சுருங்கிவிடும். பின்னர் மருந்தைத் திடீரென நிறுத்தினால், ஆக்கித் தர ஆளிராது.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் மூட்டுவலிக்குப் பெயரில்லாப் பொடி ஒன்றை ஓராண்டு உண்டார். வலி மாயமாய்ப் போயிற்று. முகமும் வட்டமாய் உப்பிற்று. பொடி கிடைக்காமற்போன வாரம் வாந்தியும் மயக்கமுமாய் விழுந்தார். இரத்த அழுத்தம் அடிமட்டத்தில் இருந்தது; கார்ட்டிசால் மிகக் குறைவு. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். கவலையால் ஒருபோதும் வற்றாத சுரப்பி, மருந்து என்று நம்பி உண்டதால் சுருங்கிக் கிடந்தது. மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டைக்கூட அவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டுமே தவிர, நாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் அருவிக் குளியல்? முதல் நொடியில் மூச்சு முட்டியதே, அதுவும் அழுத்தமே. 14 பாகை செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் அமர்த்தப்பட்டவர்களின் இரத்தத்தில் நார்அட்ரினலின் 530 விழுக்காடு உயர்ந்ததை 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. குற்றால நீர் அவ்வளவு குளிர்ந்ததன்று. எனினும் அபாய மணி அடிக்கத்தான் செய்கிறது. ஆனால், நாம் கரையேறியதும் மணி நின்றுவிடுகிறது. அக்குளியல் எந்தச் சுரப்பியையும் நிரப்புவதில்லை. தொடங்கிய அழுத்தம் முடிவதன் சுகத்தைத்தான் அது தருகிறது. நம் அன்றாட வாழ்விலும் மணி நிற்கும் வேளை ஒன்று வேண்டும். அதை எந்த டப்பாவிலும் அடைத்து விற்க முடியாது.